சித்தப்பாவுக்கு வைத்த வான்கோழிக் கால்

என் பெயர் அன்புராசா. வயது இருபத்து நான்கு. கனடாவில், ரொறன்ரோவில், ஸ்காபரோ மார்க்கம் வீதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்றில் இருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் கௌசி அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் அக்காவின் கையோடு நிற்கக்கூடாது. அருள்நாயகம் சித்தப்பா தன் பக்கக் கதையைத் தொலைபேசியில் எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருப்பாரோ அத்தனை வீட்டுக்கும் இதுவும் போகவேண்டும். அதனால்தான் ஆள் யார் என்று சொல்லித் தொடங்குகிறேன்.

என் வலது கை கட்டுப் போட்டுக் கிடக்கிறது. பேனை பிடிக்க முடியாது. நான் பேசப் பேச, என்னோடு அறையில் இருக்கும் மகேஸ்வரன் கொம்பியூட்டரில் தட்டுகிறான். அவன் தமிழ்ப் பேப்பர் ஒன்றில் தட்டச்சு வேலை செய்கிறவன். நான் எப்படிச் சொன்னாலும் அவனுடைய விரல் அதைப் பத்திரிகைத் தமிழ் ஆக்கிவிடுகிறது. ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

கை எப்படி வெந்தது என்பதைச் சொல்ல ஓகஸ்ட் மாதத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கொழும்பில் இறந்தார். எங்கள் பேஸ்மன்றுக்கு அப்போது தொலைபேசி இல்லை. அக்கா சித்தப்பா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, தம்பியிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள் என்று அழுதாள். சித்தப்பா அப்பாவின் சொந்தத் தம்பி இல்லை, அப்பாவின் சித்தப்பா முறையானவரின் மகன். ஆனாலும் ஒரே வழி, ஒரே வம்சம். அப்பா இறந்தால் சித்தப்பா வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு வீட்டில் நல்ல காரியம் நடத்த முடியாது, மச்சம் மாமிசம் தொட முடியாது. அவர் அப்போதுதான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் புது வீடு வாங்கியிருந்தார். அந்தச் சனிக்கிழமை பால் காய்ச்சுவதற்கு நாள் வைத்து, இருநூறு பேருக்குச் சொல்லியிருந்தார்.

அவர் எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்ற்றில், காருக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற இடத்தில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். நான் கோழிக்கறி கொண்டுபோனேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் வாடகைக் கதிரை அறுபதையும் வான் வண்டியில் இருந்து இறக்கி அடுக்கியது நான்தான். பால் பொங்கியபோது பக்கத்தில் நின்றேன். பின்னேரம் பார்ட்டி. ஆட்டுக்கறியும் பியரும். சித்தப்பா தன் கையால் என் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு துடை எலும்பை வைத்து, "வடிவாச் சாப்பிடடாப்பா, நாள் முழுக்க ஓடித் திரிஞ்சனி" என்றார். சாப்பிட்டேன். பிறகு பைலா போட்டார்கள். ஆடினேன். வீடியோக்காரன் லைற்றை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பின்னேரம் சித்தப்பா என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டு, தேத்தண்ணீரைக் கையில் தந்தார்.

"கொப்பர் மோசம் போட்டார், தம்பி."

"எப்ப?"

"போன ஞாயிறு."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"பால்காய்ச்சுக் குழம்பிப் போகும் எண்டுதான், தம்பி. நாள் வைச்சாச்சு. ஆக்களுக்குச் சொல்லியாச்சு. உனக்கு இன்னும் அகதிப் பேப்பர் கிடைக்கேல்லை, நீ கொழும்புக்குப் போகவும் ஏலாது. ஒரு கிழமை முந்தித் தெரிஞ்சு என்ன செய்திருக்கப் போறாய், சொல்லு பாப்பம்?"

தேத்தண்ணீர்க் கோப்பை சூடாக இருந்தது, அதைக் கீழே வைக்க இடம் தேடியது மட்டும் நினைவிருக்கிறது. நான் ஒரே மகன். கொள்ளி வைத்தது அத்தான். அது எப்படியும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அப்பா எரிந்த அன்று நான் இங்கே மொட்டை போட்டு, மச்சம் விட்டு, ஒரு விளக்கின் முன்னால் இருந்திருப்பேன். அதற்குப் பதிலாக மத்தியானம் கோழிக்கறி தின்றேன், சனிக்கிழமை ஆடினேன்.

சண்டை பிடிக்கவில்லை. வேலை அவர் எடுத்துத் தந்தது. என் அகதி வழக்கு பெப்ரவரியில். வேலைக் கடிதம் வேண்டும், சாட்சிக்கு அவரும் வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். "குழம்பிப் போகும் எண்டுதான்" என்ற அந்த வசனத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதை மனதுக்குள் அவருடைய குரலிலேயே சொல்லிப் பார்ப்பேன்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமைக்கு முன் தொழிற்சாலையில் ஆளுக்கொரு வான்கோழி கொடுத்தார்கள். கல்லுப் போல உறைந்தது. பதினெட்டு இறாத்தல். எங்கள் ஆட்கள் வழமையாக அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கோடாலியால் கொத்தாத குறையாக வெட்டி, கறி வைத்துவிடுவார்கள். சித்தப்பாவுக்கு அது போதவில்லை. சூப்பர்வைசர் டேவைப் புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். தை மாதத்தில் லைனில் மற்றவர்களை மேய்க்கப் புது லீட் ஹாண்ட் போடுகிறார்கள் என்று கதை அடிபட்டது.

"டேய், ரேர்க்கியை முழுசா வைச்சால்தான் வெள்ளைக்கு மரியாதை," என்றார். "நீ முந்தி ரெஸ்ரோரன்ரிலை நிண்டனி தானே. வந்து செய்து தா."

"நான் அங்கை கோப்பை கழுவினனான், சித்தப்பா."

"கழுவேக்கை எட்டிப் பாத்திருப்பாய் தானே."

ஓம் என்றேன். அப்போது என் மனதில் திட்டம் எதுவும் இல்லை. உப்பைக் கொட்டலாமா, கருக விடலாமா என்று சின்னப்பிள்ளைத்தனமாக யோசித்தேன், அவ்வளவுதான்.

செய்முறையை எமில்டா அன்ரியிடம் கேட்டேன். எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிற பகுதியில் நிற்கிறவ, கரையூர்க்காரி, கிறிஸ்தவ வேதக்காரி. பத்து வருடமாகக் கிறிஸ்மஸுக்கு வான்கோழி வைக்கிறவ. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கடுதாசியில் எழுதித் தந்தா. நாலு நாளுக்கு முன்னமே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடவேண்டும். முந்நூற்று இருபத்தைந்து டிகிரி. இறாத்தலுக்குக் கால் மணித்தியாலம். தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் விரலை விட்டுப் பட்டர் பூசவேண்டும்.

"வயித்துக்குள்ளை கையை விட்டுப் பார். ஒரு கடுதாசிப் பை கிடக்கும், ஈரல், கழுத்து எல்லாம் அதுக்குள்ளை. நான் முதல் வருசம் கடுதாசியோடை அவிச்சு, புருசன் இண்டைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். மற்றது, கடையிலை விக்கிற அந்த மெல்லிய அலுமினியத் தட்டை நம்பாதை. அது மடங்கும். கீழை இரும்புத் தட்டு ஒண்டு வை."

கிறிஸ்மஸ் அன்று காலை மகேஸ்வரன் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டான். யோகராணிச் சித்தியின் ஓவனைத் திறந்தால் அதற்குள் தோசைக்கல், மூன்று தாச்சி, இடியப்பத் தட்டுகள், ஐஸ்கிறீம் டப்பாக்கள். வீடு வாங்கி நாலு மாதமாக அதை ஒருவரும் மூட்டவே இல்லை.

"இரும்புத் தட்டு இருக்கோ, சித்தி?"

"என்னட்டை உதுகள் ஒண்டும் இல்லை. அந்தக் கடைத் தட்டே போதும்."

வான்கோழியை மஞ்சள் போட்டுக் கழுவினேன். கடுதாசிப் பையை எடுத்தேன். சித்தப்பா பின்னால் வந்து நின்றார்.

"எங்கடை ஆக்களுக்கு உறைக்கோணும். டேவுக்கு உறைக்கக் கூடாது. என்ன செய்யப் போறாய்?"

கடைசியில் வான்கோழியை நடுவால் இரண்டு பகுதியாகப் பங்கிட்டேன். வலப்பக்கம் பட்டரும் உப்பும். இடப்பக்கம் சித்தியின் வறுத்த தூள், உள்ளி, தேசிக்காய். நெஞ்செலும்புதான் எல்லை. பத்து மணிக்கு உள்ளே வைத்தேன்.

பதினொரு மணிக்குச் சித்தப்பாவும் சித்தியும் ரெக்ஸ்டேலில் இருந்து சித்தியின் தமக்கையைக் கூட்டிவரக் காரில் போனார்கள். நான் வீட்டில் தனியாக நின்றேன். வான்கோழி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. பயமாகக்கூட இருந்தது, வேகாமல் போனால் என்ன செய்வது என்று.

பதினொன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. கொழும்பில் இருந்து சித்தப்பாவின் தங்கை, கமலாம்பிகை மாமி.

"ஆர், அன்புவே? அண்ணை நிக்கிறாரோ?"

"இல்லை மாமி, வெளியிலை."

மாமி அழத் தொடங்கினா. "அம்மா போட்டா, தம்பி. இப்பதான், ஒரு மணித்தியாலம் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு... அண்ணை வந்த உடனை எடுக்கச் சொல்லு. பக்குவமாச் சொல்லு, என்ன?"

சித்தப்பாவின் தாய், அன்னம் ஆச்சி. அப்பா இறந்த நேரம் என் அம்மாவை மூன்று கிழமை தன் அறையில் வைத்துப் பார்த்த ஆச்சி. அக்கா, அது எனக்குத் தெரியாது என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். நீ எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"சொல்லுறன் மாமி," என்று வைத்தேன்.

ஓவன் கண்ணாடியின் முன்னால் குந்தியிருந்தேன். தோல் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. நாலு மாதமாக நான் சுமந்த அந்த வசனத்துக்கு இப்போது ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்ற நினைப்பு. அழுதால் கண் காட்டிக் கொடுக்கும். அழவில்லை.

மேலே ஏறி, படுக்கையறைத் தொலைபேசியின் கைப்பிடியைத் தூக்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். இனி அந்த வீட்டுக்கு ஒருவரும் எடுக்க முடியாது.

மகேஸ்வரன் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். தட்டடா என்று சொல்கிறேன்.

இவ்வளவும் செய்தபிறகும் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. அவர்கள் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். சித்தப்பா குசினிக்குள் வந்து மூக்கை உறிஞ்சினார். "வாசம் வருகுது. நாளைக்கு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லோணும், அன்பு ரேர்க்கி வைச்சவன் எண்டு. அது என்ன கோழி எண்டு கேட்டு உயிரை வாங்குவா, மனிசி." அந்த நேரம் நான் வாயைத் திறந்தேன். "சித்தப்பா" என்றும் சொன்னேன்.

"பேந்து சொல்லு," என்று அவர் ஹோலுக்குப் போய்விட்டார். சித்தியின் தமக்கைக்கு வீட்டுப் பால்காய்ச்சு வீடியோவைப் போட்டுக் காட்டினார். குசினி வாசலில் இருந்து ரீவி தெரிந்தது. கதிரை, பால் பானை, ஐயர், பிறகு பைலா. திரையில் நான். கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அப்பா இறந்து ஆறாம் நாள்.

"உவன்ரை ஆட்டத்தைப் பாருங்கோ," என்று சித்தப்பா சிரித்தார். "இந்த இடத்தை ஒருக்கால் திருப்பிப் போடட்டே?"

திருப்பிப் போட்டார். இரண்டு தரம்.

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வான்கோழியை மட்டும் பார்த்தேன். அரை மணிக்கொரு தடவை கொழுப்பை அள்ளி மேலே ஊற்றினேன். உறைப்புப் பக்கம் கருகாமல் அலுமினியக் கடுதாசியால் மூடினேன். அந்தப் பறவை நன்றாக வரவேண்டும் என்று நான் விரும்பியதுபோல வேறு எதையும் கனடாவில் விரும்பியதில்லை. ஒரு துண்டைக்கூட அவர் மிச்சம் விடக்கூடாது.

இரண்டே முக்காலுக்கு வெளியே எடுத்தேன். எமில்டா அன்ரி சொன்னதுதான் நடந்தது. அலுமினியத் தட்டு நடுவால் மடங்கி, கொதித்த கொழுப்பு வலது கையில் மணிக்கட்டு வரை ஊற்றியது. தட்டை விடவில்லை. விட்டிருந்தால் வான்கோழி நிலத்தில் விழுந்திருக்கும், விருந்து அதோடு முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்புக்கு மேல் வைத்தபிறகுதான் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். சித்தி ஈரத்துணி சுற்றிவிட்டா.

டேவ் மூன்று மணிக்கு ஒரு பூச்சாடியோடு வந்தான். நல்ல மனுசன். இரண்டு நிறத்தில் இருந்த வான்கோழியைப் பார்த்து, இப்படி ஒன்றைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லை என்றான். சித்தப்பா என் தோளில் தட்டி, இவன் என் சொந்த மகன் மாதிரி, இவனுக்கு எல்லாம் நான்தான் என்று இங்கிலீசில் சொன்னார். நான் இடது கையால் கத்தியைப் பிடித்து, உறைப்புப் பக்கத்துக் காலை மூட்டோடு கழற்றி, அவருடைய கோப்பையில் வைத்தேன்.

"வடிவாச் சாப்பிடுங்கோ, சித்தப்பா. நாள் முழுக்கக் கார் ஓடினனீங்கள்."

அவர் அதைக் கையால் தூக்கிக் கடித்தார். தாடையில் எண்ணெய் வழிந்தது. "அடி சக்கை. டேவ், குட்? வெரி குட்?" பாதிக் கால் போனபிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏன் தொடாமல் நிக்கிறாய்? சமைச்சவன் தின்னாட்டில் எங்களுக்குப் பயமாயெல்லே கிடக்கு."

"வயிறு சரியில்லை, சித்தப்பா."

"நஞ்சைக் கிஞ்சைப் போட்டியோ?" என்று கேட்டுத் தானே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆச்சி எனக்கும் ஒரே வழிதான். எனக்கும் துடக்குத்தான். பாண் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் மட்டும் தின்றேன். அவர் எலும்பைச் சூப்பி, உடைத்து, உள்ளே இருந்ததையும் உறிஞ்சி, கோப்பையின் ஓரத்தில் வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேலே போய், தலையணைக்குக் கீழே கிடந்ததை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, இறங்கி வந்து அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். யன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நாலரை இருக்கும்.

"சித்தப்பா, கமலாம்பிகை மாமி எடுத்தவ. ஆச்சி மோசம் போட்டா."

அவருடைய கை மேசையில் இருந்தபடியே இருந்தது. "எப்ப?"

"நீங்கள் ரெக்ஸ்டேலுக்குப் போயிருக்கேக்கை. பதினொண்டே முக்கால்."

சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். "ஏனடா அப்பவே சொல்லேல்லை?"

"விருந்து குழம்பிப் போகும் எண்டுதான், சித்தப்பா."

அவருக்கு விளங்கியது. முகத்தில் அது ஏறியதை நான் கண்டேன். நாலு மாதம் காத்திருந்தது அதைக் காணத்தான்.

"இந்தக் காலை வைக்கேக்கையும் உனக்குத் தெரியும்?"

"ஓம்."

எழுந்து குசினிக்குப் போனார். கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தைக் கையில் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். பிறகு விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்காளித்தார். டேவ் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இறைச்சி சரியாக வேகவில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். நன்றாக வெந்திருக்கிறது, அவருடைய தாய் இறந்துவிட்டா என்றேன். அவன் எழுந்து நின்று தலையைக் குனிந்தான்.

சித்தி கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆச்சி உன்னை என்ன செய்தவ?" என்று கேட்டா. "இவரோடை உனக்குக் கோவம், சரி. கொம்மாவை மடியிலை வைச்சுப் பாத்த மனிசி. அவவின்ரை சாவை எடுத்தோ நீ இவருக்கு அடிச்சனி?"

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

தொலைபேசி அடித்தது. சித்தப்பா ஈரக் கையோடு எடுத்து, "அம்மா எங்கை" என்று மட்டும் கேட்டு, நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மகேஸ்வரன் வரும்வரை ஒரு மணித்தியாலம் பனிக்குள் நின்றேன். கை எரிந்தது. அப்போதுதான் ஆச்சிக்காக அழுதேன், அப்பாவுக்காகவும் சேர்த்து.

சித்தப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பது பொய் இல்லை. நான் அவருடைய தாயின் சாவை ஐந்து மணித்தியாலம் ஒளித்தேன். அவர் என் தகப்பனின் சாவை ஏழு நாள் ஒளித்தார். அதைச் சொல்லாமல் விட்டிருப்பார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் செய்ததைத் திருப்பி எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். ஆச்சியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நானும் மச்சம் விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். அவர் மொட்டை போட்டுக்கொண்டு வருவார். வேலைக் கடிதம் கிடைக்குமோ, பெப்ரவரியில் அவர் சாட்சிக்கு வருவாரோ தெரியாது. வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரவில் படுத்தால் அந்தப் பயம்தான். அதை அம்மாவுக்கு வாசிக்கவேண்டாம்.

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் பேஸ்மன்றுக்கு இப்போது தொலைபேசி வந்துவிட்டது. மகேஸ்வரன் இலக்கத்தைக் கீழே போட்டிருக்கிறான். இனி அங்கே எங்கள் ஆட்களில் யாருக்கு என்ன நடந்தாலும், வேறு யாரிடமும் சொல்லி அனுப்பாமல், என்னிடமே, அன்றைக்கே எடுத்துச் சொல்லுங்கள்.